அப்பக்காரர் தூங்கும் ஜாமம்

ஊரைப் பாடியவர்கள் – 9

போருக்குக் கிளம்பும் அரசன் வஞ்சினம் சொல்லாமல் கிளம்ப மாட்டான். பெரும்பாலும் எதிரியை என்னென்ன செய்வேன் என்று அடுக்குவான். புறநானூற்றின் 72ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் அடுக்குவது வேறு. 'இவன் சின்னப் பையன்' என்று எதிரிகள் ஏளனம் பேசியது அவன் காதுக்கு வந்திருக்கிறது. அவர்களைத் தோற்கடிக்கவில்லை என்றால் எனக்கு இன்னின்ன கேடு வரட்டும் என்று தனக்குத் தானே மூன்று சாபம் இட்டுக்கொள்கிறான். என் ஆட்சி கொடியது என்று குடிமக்கள் கண்ணீர் விடட்டும். கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லாமல் போகட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றை வைக்கிறான்: மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விட்டுவிடட்டும்.

குடிமக்களின் கண்ணீருக்கும் ஈகைக்கும் சமமாக ஒரு புலவரின் பாட்டை வைத்துப் பந்தயம் கட்டியவன் அவன். தலையாலங்கானத்தில் சேரன், சோழன், வேளிர் ஐவர் என்று ஏழு பேரும் சேர்ந்து வந்து தோற்றார்கள். பையன் ஜெயித்துவிட்டான். இனி பாட்டு வந்தாக வேண்டும். வந்தது. 782 அடி. பத்துப்பாட்டிலேயே நீளமான பாட்டு அதுதான், மதுரைக்காஞ்சி.

சென்ற வாரம் புகாரில் பட்டினப்பாலையோடு நின்றோம். இந்த வாரம் எனக்குச் சொந்தப் பெருமை கொஞ்சம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது தேவதானத்தில். மேற்கே மலை, சாஸ்தா கோயில் அருவி, நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில். சோழன் அனுப்பிய விஷம் தோய்த்த ஆடையிலிருந்து பாண்டியனைச் சிவன் காப்பாற்றியதாகத் தலபுராணம் சொல்லும். ராஜபாளையத்துக்குத் தெற்கே, சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு மாங்குடி இருக்கிறது. மாங்குடி என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஊர்கள் பல உண்டு. ஆனாலும் எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் மருதனார் எங்கள் மாங்குடிக்காரர்தான் என்று அடித்துச் சொல்வார்கள். அங்கே அவருக்கு நினைவுத்தூணும் உண்டு. 2001-02இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியபோது நுண்கற்கருவிகள், கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள், தமிழி எழுத்துக் கீறிய ஓடு என்று கிடைத்தன. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் காலத்திலேயே அங்கே இருந்தார்கள் என்பதற்கு அது போதும். மருதனார் அங்கேதான் பிறந்தார் என்பதற்குப் பானை ஓடு சாட்சி சொல்லாது. நானும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மதுரைக்காஞ்சியை எடுக்கும்போதெல்லாம், இங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கிற மாநகரத்தைக் கிராமத்திலிருந்து போன ஒருவர் கண்ணை அகல விரித்துப் பார்த்திருக்கிறார் என்றே படிப்பேன்.

பாட்டுக்குள் போகுமுன் லண்டன் வரை ஒரு நடை போய் வரவேண்டும். ஒரே நகரத்தைக் கவிஞர்கள் எதிரும் புதிருமாகப் பாடியதற்கு ஆங்கில இலக்கிய வகுப்பில் காட்டும் வழக்கமான ஜோடி அங்கேதான் இருக்கிறது.

1802 ஜூலை கடைசியில் ஒரு விடியற்காலை. வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டோரதியும் டோவர் போகும் கோச்சு வண்டியின் மேல்தட்டில் உட்கார்ந்து வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடக்கிறார்கள். பிரான்சுக்குப் பயணம். அங்கே கலே துறைமுகத்தில் அவருடைய பழைய காதலி அனெத் வல்லோனும், அவர்களுக்குப் பிறந்த ஒன்பது வயது மகள் கரோலினும் காத்திருக்கிறார்கள். அக்டோபரில் வேறொரு பெண்ணை மணக்கப் போகிறார், அதற்கு முன்னால் இந்தக் கணக்கை நேர் செய்ய வேண்டும். மனசில் எவ்வளவு இருந்திருக்கும்! அதில் ஒரு சொட்டுகூட அவர் எழுதிய சானட்டில் இல்லை. பதினான்கு வரி. அடுப்புகள் மூட்டுமுன் இருக்கும் புகையில்லா வானம், கப்பல்கள், கோபுரங்கள், கவிமாடங்கள், தன்பாட்டுக்குப் போகும் ஆறு, உறங்கும் வீடுகள். மலைகளையும் ஏரிகளையும் பாடியே பேர் வாங்கிய மனிதர், இப்படி ஓர் அமைதியை இதற்கு முன் உணர்ந்ததில்லை என்கிறார். டோரதி தன் நாட்குறிப்பிலும் கிட்டத்தட்ட இதே காட்சியை எழுதி வைத்திருக்கிறார். பாட்டின் தலைப்பில் இருக்கும் தேதி என்னவோ செப்டம்பர் 3. கவிஞர்களுக்கும் தேதிக்கும் அவ்வளவு ஒத்துப்போகாது.

அந்தப் பாலத்தின் தென்கரைப் பக்கம் லாம்பெத். வேர்ட்ஸ்வொர்த் கடந்து போனதற்கு ஓரிரு ஆண்டு முன்வரை அங்கேதான் வில்லியம் பிளேக் குடியிருந்தார். தொழில் செப்புத் தகட்டில் செதுக்குவது. தன் கவிதையையும் தானே தகட்டில் எழுதி, படம் வரைந்து, அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி விற்றார். வாங்கியவர்கள் மிகக் குறைவு. 1794இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் லண்டன் என்ற பெயரிலேயே பதினாறு வரிப் பாட்டு ஒன்று இருக்கிறது. அந்த லண்டனைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதுதான் அதிகம். புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் கூவல், படைவீரனின் பெருமூச்சு, நள்ளிரவில் தெருவில் நிற்கும் இளம்பெண்ணின் சாபம். வீரனின் பெருமூச்சு அரண்மனைச் சுவரில் ரத்தமாக வழிகிறது. தெருவுக்கும் பட்டயம், தேம்ஸ் நதிக்கும் பட்டயம். எல்லாவற்றையும் யாரோ எழுதி வாங்கிவிட்டார்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் ஆறு தன்பாட்டுக்குப் போயிற்று என்றேன். அதே ஆறுதான் இது.

இருவரில் யார் சொன்னது நிஜம் என்று கேட்டால் வாத்தியார்கள் இரண்டும் நிஜம் என்பார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. வேர்ட்ஸ்வொர்த்தின் பாட்டில் ஒரு மனிதர்கூடக் கிடையாது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1801இல் எடுத்த கணக்குப்படி ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இருந்த நகரம் அது. ஊர் எழுந்துவிட்டால் அந்த அழகு நிற்காது என்பது அவருக்கே தெரியும். அவரே தன் நெடுங்கவிதையான பிரெலூடின் ஏழாம் காண்டத்தில் எழுந்துவிட்ட லண்டனைப் பாடியிருக்கிறார். அங்கே பார்த்தலோமியோ சந்தையின் கூச்சலும் நெரிசலும் அவரைத் திணறடிக்கின்றன. மார்பில் தன் கதையை எழுதிய காகிதத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் பார்வையற்ற பிச்சைக்காரர் ஒருவர் முன்னால் அப்படியே நின்றுவிடுகிறார். ஆக வேர்ட்ஸ்வொர்த்தின் லண்டனும் இரண்டு. விடியலில் வண்டி மேலிருந்து ஒன்று, பகலில் கூட்டத்துக்குள் இன்னொன்று. அவருடைய நண்பர் சார்லஸ் லாம் மட்டும் இந்தச் சிக்கலே இல்லாத மனிதர். 1801 ஜனவரியில் வேர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் மலை எனக்கு வேண்டாம், எனக்கு லண்டனின் கடைத்தெருவும் கூட்டமும் விளக்கும் போதும் என்று ஒரு பட்டியலே போடுகிறார். கவிதை எழுதாமலே நகரத்தை ஒழுங்காகக் காதலித்தவர் என்று அவரைத்தான் சொல்வேன்.

எந்த ஜாமத்தில் பார்த்தார், எவ்வளவு உயரத்தில் இருந்து பார்த்தார் என்று ஒவ்வொரு கவிஞரையும் கேட்டால் நகரப் பாட்டுகளின் பாதிச் சண்டை அடங்கிவிடும். இந்தக் கேள்வியோடு மருதனாரிடம் போனால் அவர் சிரிப்பார். எல்லா ஜாமத்திலும் பார்த்தேனப்பா என்பார்.

நிஜமாகவே அப்படித்தான். மதுரைக்குள் நுழைந்த பிறகு பாட்டு ஒரு பகலும் ஓர் இரவும் முழுதாக ஓடுகிறது. வாயில், அகழி, மதில். ஆறு படுத்ததுபோல் அகன்ற தெரு. திருவிழாக் கொடி, வெற்றிக் கொடி, கள் விற்கும் கொடி என்று மலையிலிருந்து அருவி அசைவதுபோல அசையும் கொடிகள். நாளங்காடியில் பூ விற்பவர்கள், சுண்ணம் விற்பவர்கள், வெற்றிலை விற்பவர்கள். பௌத்தப் பள்ளி, அந்தணர் பள்ளி, அமணப் பள்ளி. வழக்குக் கேட்கும் அறங்கூறவையம். சங்கு அறுத்து வளையல் கடைபவர், மணிக்குத் துளை போடுபவர், பொன் தட்டுபவர், புடவை விற்பவர், ஓவியம் எழுதுபவர். படிக்கும்போது தோள் தானாகக் குறுகிக்கொள்ளும், அவ்வளவு நெரிசல். சாயங்காலம் ஆனதும் அல்லங்காடி கிளம்பிவிடுகிறது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. முதல் ஜாமத்தில் பரத்தையர் தெருவில் விளக்கும் சிரிப்பும். செல்வர்களை வளைத்துப்போடும் அவர்கள் சாமர்த்தியத்தை மருதனார் ஒளிக்காமல் சொல்கிறார், திட்டவும் இல்லை. அதே மூச்சில், பிள்ளை பெற்றுத் தீட்டுக் கழிந்த பெண்கள் சுற்றத்தாரோடு குளத்தில் நீராடுவதைக் காட்டுகிறார். பிறகு மெல்ல மெல்லச் சத்தம் அடங்குகிறது. வணிகர்கள் கடைக் கதவை அடைக்கிறார்கள். விழாவில் ஆடிய கூத்தர்கள் களைத்துப் படுக்கிறார்கள். உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் பாகு ஊறிய அப்பமும் விற்கிற கூவியர், சரக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவாக்கில் தூங்கி வழிகிறார்கள். விற்றது போக மீதம் இருக்கிறது, விட்டுப் போக மனமில்லை, தூக்கமும் விடவில்லை. ராத்திரி பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் பார்க்கிற மனிதர்தான். அரசனுக்குப் பாடுகிற பாட்டில் இந்த அப்பக்காரருக்கு இடம் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

மூன்றாம் ஜாமத்தில் திருடன் வருகிறான். கறுப்பு உடை, காலில் செருப்பு, இடுப்பில் உறையிட்ட வாள், நிலம் தோண்ட உளி, மெல்லிய நூலில் முறுக்கிய ஏணி. தொழில் தெரிந்தவனின் சாமான் அத்தனையும் மருதனாருக்குத் தெரிந்திருக்கிறது. அவனைப் பிடிக்க நிற்கும் ஊர்க்காவலர்கள் அதற்கும் மேலே. திருட்டின் நுட்பங்களைச் சொல்லும் நூல்களையே கற்றவர்கள். யானையை எதிர்பார்த்துப் பதுங்கியிருக்கும் புலிபோலத் தூங்காத கண். மழை கொட்டும் நடுராத்திரியிலும் அம்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். பிளேக்கின் நள்ளிரவில் சாபம்தான் கேட்டது. இங்கே அதே நேரத்தில் இரண்டு பக்கமும் வேலைக்காரர்கள் தங்கள் வேலையைக் கச்சிதமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் விடிகிறது. அந்தணர் வேதம் ஓதுகிறார்கள், யாழில் மருதப்பண் எழுகிறது, பாகர்கள் யானைக்குக் கவளம் கொடுக்கிறார்கள், கடைகளில் தரை மெழுகுகிறார்கள், வீட்டுக் கதவுகள் கிறீச்சென்று திறக்கின்றன. ராத்திரிக் குடித்தவர்கள் இன்னும் தெளியாமல் குழறுகிறார்கள். சேவல் கூவுகிறது, கூண்டுப் புலி உறுமுகிறது. முற்றத்தைப் பெருக்குகிற பெண்கள் ராத்திரி ஊடலில் அறுந்து சிதறிய முத்துகளை வாடிய பூவோடு சேர்த்து வாரித் தள்ளுகிறார்கள். பரிபாடலில் ஒரு துண்டுப் பாட்டு, வஞ்சியும் உறையூரும் சேவல் கூவி எழுகிற ஊர்கள், எங்கள் மதுரை வேத ஒலியில் எழுகிற ஊர் என்று பீற்றிக்கொள்ளும். மருதனார் வேதத்தையும் விடவில்லை, சேவலையும் விடவில்லை. குடிகாரனின் உளறலையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் ஒரு சித்தப்பா இருக்கிறார். மாங்காய் சீசனில் சப்பட்டை லோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய் இறக்கிவிட்டு வருவார். இருபது, முப்பது வருஷமாகப் போய் வருகிறார். மீனாட்சி கோயிலுக்குள் இன்னும் நுழைந்ததில்லை.

“ஏன் சித்தப்பா, ஒரு தடவைகூடவா?”

“மருதையில எனக்கு மாட்டுத்தாவணி தெரியும், நாலு டீக்கடை தெரியும். வேற என்னப்பா தெரியும்? விடியுமுன்ன வண்டி திரும்பிருமே.”

சித்திக்கோ மதுரை என்றால் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை, முன்பு புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள். அவருடைய மதுரையில் சூரியன் மறைவதே கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு மதுரை. இரண்டையும் ஒருவரே பார்த்து எழுத ஒரு மருதனார் வேண்டியிருந்தது.

ஆனால் நேரம் மட்டும் விஷயமில்லை. இந்த ஊரை அவர் யாரிடம் சொல்கிறார் என்பதுதான் மதுரைக்காஞ்சியின் உயிர். கேட்பவன் ஜெயித்த அரசன். பாட்டின் முதல் பகுதியில் அவனுடைய வெற்றிகள் வருகின்றன. அந்த வெற்றிகளோடு பகை நாடுகள் என்ன ஆயின என்பதும் வருகிறது. நாடு என்று பேர் இருந்த இடம் காடாயிற்று. பசு தங்கிய இடத்தில் காட்டு மிருகம் தங்குகிறது. ஊர் இருந்த இடம் பாழ். புகழ்ச்சியாகத்தான் சொல்கிறார், அந்தக் கால வழக்கம் அது. புகழ்ச்சி முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், கேள் என்கிறார். உலகை ஆண்டு மறைந்த அரசர்கள் அலை குவிக்கும் மணலைவிட அதிகம். சொன்னது அவ்வளவுதான். அதற்கு விளக்கம் இல்லை, உபதேசம் இல்லை. நேராகப் பாண்டிய நாட்டின் ஐந்து நிலங்களுக்குள் போய், அங்கிருந்து மதுரைக்குள் நுழைந்துவிடுகிறார்.

காஞ்சித் திணை நிலையாமையைச் சொல்வது என்பார்கள் உரையாசிரியர்கள். நிலையாமையைச் சொல்ல வந்தவர் எதற்காகப் பாட்டில் பாதியை அங்காடிக்கும் அப்பத்துக்கும் கொடுத்தார் என்று நெடுநாள் எனக்கு உறுத்தியது. இப்போது எனக்குத் தோன்றுவது இது. அரசர்கள் மணல்போல் வந்து போகிறார்கள் என்று சொன்ன வாயால், போகாமல் இருப்பது எது என்று அவர் காட்டுகிறார். கடை அடைப்பு, கடை திறப்பு, பிரசவம், திருட்டு, காவல், முற்றம் பெருக்குதல். இவற்றில் எதற்கும் நெடுஞ்செழியன் வேண்டியதில்லை. அடுத்த போருக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கும் இளைஞனின் கையைப் பிடித்து, உன் ஊரை ஒரு ராத்திரி சுற்றிப் பார் என்று கூட்டிப் போகிறார். பாட்டின் முடிவில் அவன் நாளைப் போரில் தொலைக்கச் சொல்லவில்லை, நல்ல தேறல் பருகி விதித்த நாளை இனிமையாக வாழச் சொல்கிறார்.

இவரைச் சாதுவான புகழ்ச்சிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அழகான விடியல் எங்கே போய் முடிகிறது தெரியுமா? பகைவரிடம் பிடித்த யானைகளும் குதிரைகளும், தோற்ற நாட்டிலிருந்து வந்த செல்வமும், அடங்கியவர்கள் கொடுத்த திறையும் மதுரைக்குள் வந்து சேர்வதில் முடிகிறது. பாழாய்ப் போன ஊர்களைச் சில நூறு அடிகளுக்கு முன்னால் நாம் பார்த்தாயிற்று. அங்கிருந்து கிளம்பியதுதான் இங்கே விடியும் நேரத்தில் வந்து இறங்குகிறது. பிளேக்காக இருந்தால் அரண்மனைச் சுவரில் ரத்தத்தைக் காட்டியிருப்பார். மருதனார் இரண்டு காட்சியையும் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருக்கிறார். சபையில் அரசன் முன் நின்று பாடுகிறவருக்கு அதற்கு மேல் இடம் இருந்திருக்காது. அரசன் புரிந்துகொண்டானா என்பது வேறு கதை. நக்கீரரின் நெடுநல்வாடை அதே அரசனைப் பற்றியது என்பது மரபு. அதில் அவன் மறுபடி பாசறையில்தான் இருக்கிறான். மதுரையில் அடைமழை. இரவா பகலா என்று தெரியாமல் புறாக்கள் மாடத்தில் கால் மாற்றி நிற்கின்றன. விசிறிகளுக்கு வேலையில்லை. அரசி தந்தக் கட்டிலில் கண்ணீரோடு. அவனோ நள்ளிரவில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்து வரப் பாசறையில் நடக்கிறான். 188 அடியில் இன்னொரு மதுரை. மருதனாரின் கூட்டமும் சத்தமும் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும்.

இனி இளங்கோவுக்கு வருவோம். சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் நெடுஞ்செழியன்தான், ஆனால் ஆள் வேறு. ஆரியப்படை கடந்தவன் என்று அவனைச் சொல்வார்கள். ஊர் ஒன்றுதான். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மரத்தெப்பத்தில் வையையைக் கடக்கிறார்கள். ஆறு தன் கண்ணீரை மறைக்கப் பூவைப் போர்த்துக்கொண்டு போகிறது. அகழியில் உள்ள தாமரையும் குவளையும் வண்டின் குரலில் அழுகின்றன. மதில்மேல் கொடிகள் அசைகின்றன, வராதீர்கள் என்று கை காட்டுவதுபோல. மதுரைக்காஞ்சியில் அருவிபோல அசைந்தது நினைவிருக்கும். அதே மதில், அதே காற்று. இது இளங்கோ வேண்டுமென்றே செய்தது என்றுதான் நினைக்கிறேன். மதுரைக் கொடி என்றதும் கேட்பவர் மனசில் ஏற்கெனவே ஒரு படம் இருந்திருக்கும்.

வேர்ட்ஸ்வொர்த், பிளேக் என்று அங்கே இரண்டு பேர் பிரித்துக்கொண்டதை இங்கே இளங்கோ ஒருவரே, ஒரே காண்டத்துக்குள், சில காதைகள் இடைவெளியில் செய்துவிடுகிறார். ஊர்காண் காதையில் கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுத் தனியாக ஊர் பார்க்கக் கிளம்புகிறான். யவனக் காவலர் நிற்கும் வாயில். பரத்தையர் தெரு. பிறகு மணிக்கடைத் தெரு: வைரத்துக்கு என்னென்ன குற்றம், எந்த மணிக்கு எந்த நிறம் ஏற்றது என்று நுணுக்கம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பொன்கடைத் தெருவில் நான்கு வகைப் பொன்னையும் பிரித்தறிந்து கொடி கட்டியிருக்கிறார்கள். துணிக்கடை, கூலக்கடை. வணிகக் குடும்பத்துப் பிள்ளை அல்லவா, அவன் கண் போகிற இடமெல்லாம் சரக்கு. மனம் நிறைந்து திரும்பி வந்து கவுந்தியடிகளிடம் மதுரையின் சிறப்பைச் சொல்கிறான். மறுபடி உள்ளே போனது சிலம்போடு. திரும்பவில்லை.

அத்தனை மணிக்கும் குற்றம் பார்க்கத் தெரிந்த ஊரில், ஒரு சிலம்புக்குள் முத்து இருக்கிறதா மாணிக்கம் இருக்கிறதா என்று கொலைக்கு முன்னால் யாரும் உடைத்துப் பார்க்கவில்லை. ஊர்காண் காதையின் நீண்ட கடைத்தெரு வருணனையைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. அது அங்கே இல்லாவிட்டால் இந்த அநியாயம் பாதியாகத்தான் உறைத்திருக்கும்.

வஞ்சினமாலையில் கண்ணகி நகரத்தை மும்முறை வலம் வந்து தன் இடமுலையைத் திருகி எறிகிறாள். தீக்கடவுள் வந்து, யாரைவிட என்று கேட்கும்போது பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் என்று பட்டியல் தருகிறாள். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நான் இந்தப் பட்டியலில் மருதனாரின் ஆட்களைத் தேடுவேன். சங்கு அறுத்தவர் அறவோர் கணக்கில் வருவாரா? மழையில் நின்ற காவலர்? கூவியர்? நெருப்பு அறவோர் பக்கம் போகவில்லை என்று இளங்கோ சமாதானம் சொன்னாலும், கூலத் தெருவும் தேர் வீதியும் கலங்கியதை அடுத்த காதையில் அவரே சொல்கிறார். அரசன் செய்த பிழை, கடைத்தெரு பற்றிக்கொண்டது. போகாமல் நிலைத்திருக்கும் என்று மருதனார் எதைக் காட்டினாரோ அதில்தான் இளங்கோ நெருப்பை வைத்தார். அரசன் இல்லாமலே ஊர் நடக்கும் என்பது ஒருவர் நம்பிக்கை. அரசன் தவறினால் ஊருக்கும் சேர்த்துத்தான் என்பது மற்றவர் கண்டது. என் மனசு மருதனார் பக்கம் சாய்கிறது. செய்தித்தாளைப் பிரிக்கிற காலை வேளைகளில் இளங்கோ பக்கம்.

இந்த நூல்கள் அச்சில் பக்கத்துப் பக்கத்தில் வந்ததும் அவ்வளவு பழைய கதை இல்லை. உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தது 1889இல், சிலப்பதிகாரத்தை 1892இல். பிளேக்கும் 1863இல் ஒரு வாழ்க்கை வரலாறு வரும்வரை இங்கிலாந்தில் கிட்டத்தட்ட மறக்கப்பட்டுத்தான் கிடந்தார். அங்கேயும் இங்கேயும் நகரத்தின் கசப்பைப் பாடிய பிரதிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வாசகர் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. தமிழில் மட்டும் இனிப்பும் கசப்பும் மூன்றே வருஷ இடைவெளியில், ஒரே மனிதரின் உழைப்பில் வந்தன.

எங்கள் பக்கத்திலிருந்து மதுரைக்குப் போனவர் மருதனார் ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூக்கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர், பாண்டியன் சபையில் வாதாடிப் பொற்கிழி பெற்றுப் பட்டத்து யானைமேல் வரும்போது வானத்தில் பெருமாளைக் கண்டார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. கும்பிட்டு வரம் கேட்காமல், இத்தனை கூட்டத்துக்கு நடுவே இவ்வளவு அழகாக வந்து நிற்கிறாயே, கண்ணேறு படுமே என்று கடவுளுக்கே காப்புக் கட்டிப் பல்லாண்டு பாடினாராம். நகரத்தை நம்பாத கிராமத்து மனசு அது. அவர் வளர்த்த மகளோ வில்லிபுத்தூரையே ஆயர்பாடியாக்கிவிட்டாள். அப்பாவின் மதுரையையும் மகளின் ஆயர்பாடியையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)